சபாபதியும் பெல்லாரி வக்கீலும்

பிறந்து வளர்ந்தது திருப்பதி. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. இங்கே கலிஃபோர்னியாவில் நாலு தமிழர் கூடினால், "அப்ப நீங்க தெலுங்கா?" என்பார்கள். தெலுங்கு நண்பர்கள் வீட்டில் "மீரு அரவவாள்ளா?" :-) விளக்கம் சொல்லி அலுத்தவனுக்கு ஒரு பழைய படம் கைகொடுக்கிறது. 'சபாபதி'.

1941 டிசம்பரில் வந்த படம். ஏ.வி.மெய்யப்பனும் ஏ.டி.கிருஷ்ணசாமியும் இயக்கியது. கதை ரொம்ப சிம்பிள். பணக்கார முதலியார் வீட்டுப் பிள்ளை சபாபதி (டி.ஆர்.ராமச்சந்திரன்) படிப்பில் மக்கு. அவனுக்கு வாய்த்த வேலைக்காரனும் ஒரு சபாபதி (காளி என்.ரத்தினம்), இன்னும் பெரிய மக்கு. பிள்ளைக்குக் கல்யாணம் செய்து வைக்கிறார்கள். வந்தவளோ வாத்தியாராகி அவனைத் தேற்றிப் பாஸ் பண்ண வைக்கிறாள். காதலே கல்யாணத்துக்கு அப்புறம்தான்! கணவனுக்கு மனைவி பாடம் சொல்லித் தருவது அன்றைக்குச் சாதாரண சமாச்சாரமில்லை.

இது முதலில் நாடகம். எழுதியவர் பம்மல் சம்பந்த முதலியார், வக்கீலாக இருந்து நீதிபதியானவர். அவருக்கு இந்தப் பைத்தியம் எங்கே பிடித்தது? 1891-ல் பெல்லாரியிலிருந்து சரச வினோதினி சபா சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்கள் போட்டது. நடத்தியவர் தர்மவரம் ராமகிருஷ்ணமாச்சார்யுலு. அவரும் வக்கீல். தமிழ் நாடகம் என்றாலே முகம் சுளித்த பதினெட்டு வயது சம்பந்தம், படித்தவர்களும் மேடையேறலாம் என்று அங்கேதான் கண்டுகொண்டார். அதே வருஷம் சென்னையில் சுகுண விலாச சபை பிறந்தது. அந்தச் சபைக்காக எழுத ஆரம்பித்தவர் கடைசியில் தொண்ணூறுக்கு மேல் நாடகங்கள் எழுதினார். அதில் ஒன்றுதான் நம்ம சபாபதி.

1931-ல் வந்த 'காளிதாஸ்' இன்னும் வேடிக்கை. நாயகி டி.பி.ராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பதில் சொன்னார். அப்படியே எங்கள் வீட்டுக் கூடம்தான்! அந்தப் படத்தின் பிரதி இன்று கிடையாது. 'சபாபதி' பிழைத்துக்கொண்டது.

அது ஓடிய காலத்தில் சித்தூரும் திருப்பதியும் சென்னை ராஜதானிதான். 1953-ல் ஆந்திரா பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் அந்தப் பக்கம் போனது. 1960-ல் திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. கிராமம் கிராமமாகக் கணக்குப் பார்த்துப் பிரித்தார்கள். பெல்லாரி வக்கீலிடம் பம்மல் முதலியார் வாங்கிய கடன் எந்தக் கணக்கிலும் வரவில்லை. என் பெண்ணுக்கு நான் சொல்லித்தர நினைப்பது அந்தக் கடனைத்தான். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று யாராவது அவளிடம் கேட்டால், ஏன் என்று திருப்பிக் கேட்கட்டும்.

படம் இணையத்தில் கிடைக்கிறது. ரத்தினமும் சி.டி.ராஜகாந்தமும் சேர்ந்து வரும் காட்சிகளைத் தவற விட்டுவிடாதீர்கள்.