குன்னூர் எலிகளும் பால் வேறுபாடும்

நீலகிரி மாவட்டம் குன்னூரில் உள்ள பாஸ்டர் நிறுவனத்தில் 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோய் குறித்த ஆய்வைத் தொடங்கினார். அது பின்னர் ஊட்டச்சத்து ஆய்வகமாக வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு மாறியது.

வயது, எடை, ஆண்-பெண் விகிதம் ஆகியவை ஒத்திருந்த எலிக் குழுக்களுக்கு இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவுகளை அவர் அளித்தார். கோதுமை, பால், பருப்பு, காய்கறி அடங்கிய சீக்கியர் உணவை உண்டவை நன்கு வளர்ந்தன. அரிசியை மிகுதியாகக் கொண்ட சென்னை மாகாண உணவை உண்டவை பின்தங்கின.

ஆண்-பெண் விகிதத்தைச் சமப்படுத்தியதன் தேவை பிற்காலத்தில் தெளிவானது. கல்லீரல் கொலஸ்டிராலைப் பித்த அமிலமாக மாற்றுகிறது. பெண் சுண்டெலிகளில் இவ்வமிலத்தின் மொத்த அளவு பொதுவாக அதிகம். மனிதரில் பித்தக்கல் பெண்களுக்கே மிகுதி. ஆய்வகச் சுண்டெலிகளின் சில வகைகளில் ஆண்களுக்கே மிகுதி. ஆகவே ஒரு பாலினத்தை மட்டும் ஆய்ந்து பெற்ற முடிவு மற்றதற்குப் பொருந்தாமல் போகலாம்.