வெந்த இறாலும் உயிர் இறாலும்: கடல் ட்ரவுட் ஃப்ளையின் நிற வரலாறு

கரையோர இறால் உயிரோடு இருக்கும்போது சிவப்பாக இருப்பதில்லை. அதன் ஓட்டிலுள்ள அஸ்டாசாந்தின் என்ற செந்நிறமியை ஒரு புரதம் பிணைத்து மறைத்திருக்கிறது. கொதிநீரில் புரதம் சிதைந்ததும் சிவப்பு வெளிவருகிறது. பிரிட்டன், அயர்லாந்து ஆறுகளில் உருவான இறால் ஃப்ளைகள், அதாவது தூண்டில் முள்ளில் இறகும் மயிரும் கொண்டு கட்டும் போலி இரைகள், பெரும்பாலும் சிவப்பிலும் ஆரஞ்சிலும் அமைந்ததற்கு இதுவே மூலகாரணம் என்று கருதுகிறேன். அவற்றைக் கட்டியவர்களின் கண்முன் இருந்தது கடலில் நீந்திய இறால் அல்ல, வேகவைத்து முள்ளில் கோத்த இறால்.

சால்மன் பிடிக்க வெந்த இறாலை, சில வேளை சாயமும் ஏற்றி, இரையாக்குவது அங்கே பழைய வழக்கம். அது கொல்லும் திறன் மிகுந்தது என்பதால் பல ஆற்றுப் பகுதிகளில் தடைசெய்யப்பட்டது. அந்தத் தடையைத் தாண்டும் வழியாகவே 1953இல் கர்னல் எஸ்மண்ட் ட்ரூரி 'ஜெனரல் பிராக்டிஷனர்' ஃப்ளையை உருவாக்கினார். ஆரஞ்சு மான்வால் மயிர் மீசையாயிற்று. பொன் ஃபெசன்ட் பறவையின் கழுத்திறகை 'வி' வடிவில் வெட்டியது கண்ணாயிற்று. அதே பறவையின் செம்மார்பு இறகுகள் அடுக்கடுக்கான ஓடாயின. தட்டில் வைத்த வெந்த இறாலின் உருவம் அப்படியே அதில் உண்டு.

வட அயர்லாந்தின் கோல்ரேன் ஊர் பாட் கரியின் 'ரெட் ஷ்ரிம்ப்' உயிர் இறாலிலிருந்து இன்னும் விலகியது. பின்பாதி சிவப்பு, முன்பாதி கறுப்பு, பக்கங்களில் காட்டுக்கோழி இறகு. (நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சாம்பல் காட்டுக்கோழிதான் அது.) இந்த விலகலால் இழப்பில்லை. ஆறேறிய சால்மன் இரை தின்பதை நிறுத்திவிடுகிறது. அதைச் சீண்டினால் போதும், ஏமாற்ற வேண்டியதில்லை.

உயிர் இறாலை நோக்கிய முதல் திருப்பம் 1980களில் ஸ்காட்லாந்தில் நேர்ந்தது. அலஸ்டர் கவன்ஸ் கவனித்தது உயிர் இறாலின் ஒளி ஊடுருவும் உடலையும் நீண்ட மீசையையும். அவருடைய 'அலீஸ் ஷ்ரிம்ப்' மீசையில் ஆரஞ்சு தங்கிவிட்டது; ஆனால் உடலின் மேலும் கீழும் கட்டிய சாம்பல் அணில்வால் மயிர் வெளிச்சத்தை உள்ளே விட்டது.

முழு மாற்றத்தைக் கொண்டுவந்தது டென்மார்க்கின் கடற்கரை. சுமார் 7,300 கிலோமீட்டர் நீளும் அக்கரையின் ஆழமற்ற நீரில் சால்மனின் உறவினமான கடல் ட்ரவுட் மீன் இரைதேடி அலைகிறது. ஆற்றோடைகளைச் சீர்செய்து குஞ்சு விடும் 'ஹாவோரெட் ஃபூன்' திட்டம் 1990இல் ஃபூன் தீவில் தொடங்கிய பின் அந்தத் தீவு இம்மீன்பிடிப்பின் முக்கிய மையமாயிற்று. இங்குள்ள மீன் பசியோடு இருக்கிறது; கடற்புல்லிடையே திரியும் கண்ணாடி போன்ற இறாலையும், மணலில் புதையும் பழுப்பு இறாலையும், மைசிட் எனும் இறால் போன்ற சிற்றுயிர்களையும் அன்றாடம் தின்று பழகியது. எனவே ஃப்ளையும் அவற்றின் நிறத்துக்கு இறங்கியது: சாம்பல், மணல், இளம் பச்சை.

கட்டும் முறையில் இன்னொன்றும் தெளிவாகிறது. மிரண்ட இறால் வாலைச் சுண்டிப் பின்னோக்கிப் பாயும். அதனால் தலை முள்ளின் வளைவுப் பக்கமும், வால் நூல் கோக்கும் கண் பக்கமும் வரக் கட்டுகிறார்கள். இழுத்தால் போலி இறாலும் பின்னோக்கியே ஓடும். வளைவில் மீசைக்கு நான்கைந்து நீள இழைகள், தங்கூசி நரம்பின் நுனியை நெருப்பில் உருக்கி எடுத்த கருமணிக் கண்கள், முறுக்கிய மயிர் உடல், அதன்மேல் கால்களாகச் சுற்றிய சேவல் இறகு. அதிகம் கட்டினால் ஒளி நின்றுவிடும். இழுப்பும் அப்படித்தான்: இரண்டு வெட்டு, பிறகு ஒரு நிறுத்தம். அந்த நிறுத்தத்தில்தான் பெரும்பாலும் மீன் கவ்வுகிறது.

என் வாதத்துக்கு இடறலாக நிற்பது கிளவுஸ் எரிக்சனின் 'பட்டெகிரிசென்' என்ற டேனிஷ் ஃப்ளை. கண், மீசை, கால் எல்லாம் கரையோர இறால். நிறமோ பளிச்சென்ற இளஞ்சிவப்பு. ஆனால் அது பெரிதும் குளிர்கால ஃப்ளை. அப்போது இறால்கள் ஆழத்துக்கு நகர்ந்துவிடுகின்றன, குளிர்ந்த நீரில் மந்தமான மீனைத் தூண்டியாக வேண்டும். ஆற்றுச் சால்மனிடம் சிவப்பு செய்த வேலையை இங்கே இளஞ்சிவப்பு செய்கிறது. வசந்தத்தில் நீர் வெதுவெதுப்பானதும் டேனிஷ் தூண்டில்காரர் பலர் மணல் நிறத்துக்கே திரும்புகிறார்கள்.