கடிதம் வந்து சேராத கார்கள்

கல்முனையிலிருந்து கொழும்பு 300 கிலோமீட்டருக்கும் கூடுதலான தூரம். 24 கிலோவாட் மணி பற்றரியோடு வந்த முதல் தலைமுறை நிசான் லீஃப், புத்தம் புதிதாக இருந்தபோதே ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் 117 முதல் 135 கிலோமீட்டர் வரைதான் ஓடும் என்பது அமெரிக்க அரசின் சோதனைக் கணக்கு. பழுதென்று கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டிய கார், கொழும்புப் பயணத்தில் பாதித் தூரத்தைக்கூடத் தாண்டாது. லொறியில்தான் ஏற்ற வேண்டும். அம்பாறைக் கரையோரத்தில் பற்றரிக் கார் வைத்திருப்பவர்களின் சிரமங்களுக்கு இந்தத் தூரம்தான் முதல் காரணம்.

இங்கே முதலில் வந்தது மின்சாரக் கார் அல்ல, ஹைபிரிட். 2010இல் வாகன இறக்குமதி வரி குறைக்கப்பட்ட பிறகு ஜப்பானில் ஓடிய ரொயோட்டா பிரியஸ் ரீகண்டிஷன் வாகனமாக நாடெங்கும் பரவியது. பின்னால் அக்குவாவும் ஹொண்டா ஃபிட்டும் வெசலும் வந்தன. மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று கரையோர ஊர்கள் எங்கும் இவை ஓடத் தொடங்கின. வளைகுடாவில் உழைத்த காசு, லீசிங், அரச ஊழியரின் வரிச்சலுகைப் பெர்மிட் என்று ஒவ்வொருவர் வாங்கியதும் ஒவ்வொரு வழியில். மின்சாரக் காருக்கு வரி மிகக் குறைவாக இருந்த 2014, 2015 காலத்தில் லீஃப் வந்து இறங்கியது. வாங்கியவர்கள் பெற்றோல் செலவைக் கணக்குப் பார்த்தார்கள். பற்றரியின் வயதைக் கணக்குப் பார்க்க அவர்களுக்குச் சொல்லித் தந்தவர் எவருமில்லை.

தயாரிப்பில் பிழை கண்டால் உரிமையாளருக்கு அறிவித்து, விற்ற வாகனத்தைத் திருப்பி அழைக்கும் ஏற்பாட்டுக்கு அமெரிக்கா 1966இல் சட்டம் இயற்றியது; இலவசமாகச் சரிசெய்து கொடுக்க வேண்டும் என்பது 1974இல் சேர்ந்தது. ஜப்பானில் திருப்பி அழைக்கும் முறை 1969இல் தொடங்கியது. சேசிஸ் நம்பரைப் பார்த்து, அந்த நாட்டில் பதிவான உரிமையாளருக்குக் கடிதம் போகும். வாகனம் ஏற்றுமதியாகும்போது ஜப்பானியப் பதிவு நீக்கப்படுகிறது. அதோடு கடிதத்துக்கு முகவரி இல்லாமல் போகிறது. 2014 பெப்ரவரியில், மின்னழுத்தத்தை உயர்த்தும் கருவியைக் கட்டுப்படுத்தும் மென்பொருளில் இருந்த குறையால் கார் ஓடும்போதே நின்றுவிடலாம் என்று 19 இலட்சம் பிரியஸ் கார்களை ரொயோட்டா திருப்பி அழைத்தது. ஃபிட் ஹைபிரிட்டை ஹொண்டா 2013 ஒக்டோபரிலிருந்து ஒரே ஆண்டில் ஐந்து தடவை அழைத்தது. அதற்குப் பொறுப்பேற்று நிறுவனத் தலைவரே தன் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டார். தீப்பற்றும் ஆபத்துள்ள வயர் இணைப்புக்காக 2018இல் ரொயோட்டா மீண்டும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட ஹைபிரிட் கார்களை அழைத்தது. இப்படி அழைக்கப்பட்ட மொடல்கள் கல்முனைத் தெருக்களிலும் ஓடின. ஜப்பானிலிருந்து எந்தக் கடிதமும் இங்கே வரவில்லை.

லீஃப் காரின் கதை இன்னும் நெருக்கமானது. அதன் பற்றரியைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு கிடையாது. அமெரிக்காவின் அரிசோனா மாநில வெயிலில் பற்றரி வேகமாக வலுவிழக்க, 2012இல் உரிமையாளர்கள் நீதிமன்றம் போனார்கள். ஐந்து ஆண்டுக்குள் அல்லது 60,000 மைலுக்குள், திரையில் தெரியும் 12 கட்டங்களில் ஒன்பதுக்குக் கீழே இறங்கினால் சரிசெய்து தருவதாக நிசான் உத்தரவாதம் கொடுத்தது. முதல் கட்டம் மறையும்போதே 15 வீதம் போய்விட்டதென்று பொருள். அரிசோனாக்காரர் சண்டை போட்டு வாங்கிய அந்த உத்தரவாதம், ஜப்பானிலிருந்து பழைய வாகனமாக வந்து, ஆண்டு முழுக்க வெக்கை விடாத இந்தக் கரையில் நின்ற காருக்குச் செல்லாது.

அந்த வெற்றிடத்தை ஊர்க் கராஜ்கள்தான் நிரப்பின. மூன்றாம் தலைமுறை பிரியஸின் பற்றரிக்குள் 28 கூறுகள், மொத்தம் 201.6 வோல்ட். ஒன்றிரண்டு கெட்டாலே திரையில் எச்சரிக்கை விழும். பற்றரியை முழுதாக மாற்றும் செலவுக்கு அஞ்சியவர்களுக்குக் கெட்டதை மட்டும் கழற்றி, பழைய பற்றரியிலிருந்து எடுத்ததைப் பொருத்திக் கொடுப்பார்கள். 'செல் மாற்றுவது' என்பது அந்த வேலைக்குப் பெயர். பின் இருக்கைப் பக்கத்திலுள்ள காற்று வழியில் தூசு அடைத்தால் பற்றரி சூடேறும். மணல் பறக்கும் கடலோரத்தில் அதைத் துப்புரவாக வைப்பதே பாதி வைத்தியம். இந்தக் கைத்தொழிலாளருக்குக் கரையோரம் கடன்பட்டிருக்கிறது. ஆனாலும் வயது ஒவ்வாத செல்களைச் சேர்த்தால் அடுத்தது சில மாதத்தில் கெடும் என்பதும், முறையான பயிற்சியும் கையுறையும் இல்லாமல் அந்த வோல்ட்டைத் தொடுவது உயிர் ஆபத்து என்பதும் உண்மை. அவர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்க வேண்டிய கம்பனிகள் கொடுக்கவில்லை.

விலை கூடிய கார் வாங்கினால் தப்பலாம் என்று நினைப்பதற்கும் இடமில்லை. 2019இல் உலகின் சிறந்த காராகத் தெரிவான ஜகுவார் ஐ-பேஸ், பற்றரித் தீ ஆபத்தால் திரும்பத் திரும்ப அழைக்கப்பட்டது. முழுதாகச் சார்ஜ் ஏற்றாதீர்கள், வீட்டை விட்டுத் தள்ளி நிறுத்துங்கள் என்று உரிமையாளர்களுக்கு அறிவுரை போனது. கடைசியில், அமெரிக்காவில் விற்ற 2019 மொடல் கார்கள் 2,760ஐத் திரும்ப விலைக்கு வாங்கிக்கொள்ள 2024இல் கம்பனி முன்வந்தது. அங்கே சட்டமும் முகவரும் அருகில் இருந்தன.

இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் பெற்றோல் வரிசையும் கியூஆர் அட்டையும் வந்தபோது பற்றரிக் கார் மீண்டும் ஆசை காட்டியது. அதே ஆண்டு மார்ச் இறுதியில் மின்வெட்டு 13 மணித்தியாலத்தைத் தொட்டதும் மறக்கக் கூடாதது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி திறந்துவிடப்பட, சீனாவின் பிவைடி கார்கள் வந்தன. அவற்றில் ஒரு மொடலின் மோட்டார் வலு 100 கிலோவாட்டா 150 கிலோவாட்டா என்ற வரித் தகராறில் பல கார்கள் சுங்கத்தில் தடுக்கப்பட்டன.

புதிய மின்சாரக் காரை விற்கும் எந்த முகவருக்கும் கிழக்கு மாகாணத்தில் பயிற்சி பெற்றவரோடு ஒரு பழுதுபார்க்கும் நிலையம் இருக்க வேண்டும் என்று அரசு நிபந்தனை போட வேண்டும். திருப்பி அழைக்கும் அறிவித்தலைப் பழைய இறக்குமதிக் காருக்கும் கொண்டுசேர்க்கும் பொறுப்பை, வாகனப் பதிவேட்டைக் கையில் வைத்திருக்கும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் ஏற்க வேண்டும். அதுவரை, ஜப்பானிலிருந்து வந்த கார் வைத்திருப்பவர்கள் சேசிஸ் நம்பரைத் தயாரிப்பாளரின் ஜப்பானிய இணையத்தளத்தில் தாங்களே தேடிப் பாருங்கள். செய்யாமல் விடுபட்ட திருத்தம் இருந்தால் அங்கே தெரியும்.