திருமதி சேஸும் நம் சாத்துக்குடியும்

ஸ்கில் லேபில் படுத்திருக்கும் பொம்மையை இன்றைய மாணவ மாணவியர் புதுச்சரக்கு என்று நினைக்கிறார்கள். அந்தம்மாவுக்கு நூறு வயது தாண்டியாகிவிட்டது!

1911-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு மருத்துவமனை நர்சிங் பள்ளியின் தலைவி லாடர் சதர்லாண்ட், குழந்தைகளுக்குத் துணிப்பொம்மை செய்துவந்த மார்த்தா சேஸ் என்ற பெண்மணியிடம் ஆள் உயரத்தில் ஒரு பொம்மை கேட்டார். மார்த்தாவின் கணவர் டாக்டர். விளக்கிச் சொல்ல அதிகம் தேவைப்பட்டிருக்காது. வந்து சேர்ந்த பொம்மைக்கு 'மிஸஸ் சேஸ்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. புரட்டிப் படுக்க வைப்பது, உடை மாற்றுவது எல்லாம் அவள்மீதுதான். 1914-ல் வந்த பொம்மையில் ஊசி போடக் கையில் இடமும், வயிற்றுக்குள் நீர்த்தொட்டியும் வைத்தார்கள். எனிமா, கதீட்டர் என்று நாம் கூச்சத்தோடு கற்ற வேலைகளுக்கெல்லாம் அவள் முகம் சுளிக்கவில்லை.

1960-ல் நார்வே நாட்டுப் பொம்மை வியாபாரி லேர்டால், வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்கப் பழக 'ஆன்' என்ற பொம்மையைக் கொண்டுவந்தார். பாரிஸின் சேன் நதியில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்படும், பெயர் தெரியாத இளம்பெண்ணின் முகம் அதற்கு.

நம் பக்கம்? சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1871-லேயே நர்சிங் பயிற்சி தொடங்கியாச்சு. ஆனாலும் நம் செட்டுக்கு வாய்த்த பொம்மை, அறந்தாங்கி கடைத்தெருவில் வாங்கிய சாத்துக்குடி! ஊசி குத்திக் குத்தி அதில் ஜூஸே மிஞ்சாது. அடுத்து நேரே ஜெனரல் வார்டுதான். "படிக்கிற புள்ளதானே, போடு தாயி" என்று கையை நீட்டியவர்கள் எல்லாம் இல்லாதப்பட்டவர்கள். காசு கட்டிப் படுத்தவர் யாரும் நமக்குக் கை நீட்டியதாக நினைவில்லை. நம் கை பழகிய கணக்கு அவர்கள் உடம்பில்தான் எழுதியிருக்கிறது. அந்தக் கடனை நினைத்தால், லேப் செலவு வீண் என்று பேச எனக்கு வாய் வராது.

2021-ல் இந்திய நர்சிங் கவுன்சில் திருத்திய பி.எஸ்சி. பாடத்திட்டத்தில் சிமுலேஷன் பயிற்சிக்கும் இடம் வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் பொம்மை, "மெதுவா தாயி, வலிக்குது" என்று சொல்லாதே! அதற்கும் ஒருவர் வழி கண்டார். ஹோவர்டு பாரோஸ் என்ற நரம்பியல் டாக்டர், 1960-களில் லாஸ் ஏஞ்சலிஸில், ஆட்களை நோயாளி போல நடிக்கப் பழக்கினார்.

நம் சீனியர்கள் பலர் ரிட்டயர் ஆகி இந்தப் பக்கமே இருக்கிறோம். மாதம் ஒரு நாள் லேபுக்கு வந்து நோயாளியாகப் படுத்தால் என்ன? முனகவும் அடம்பிடிக்கவும் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊசி மட்டும் பொம்மைக்கே!