வேகம் இருந்தும் காக்க வைக்கும் இணையம்

மலேசியாவில் 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, வீடே பள்ளிக்கூடமாகவும் அலுவலகமாகவும் மாறியது. ஓர் அறையில் மகளுக்குப் பாடம், இன்னோர் அறையில் அப்பாவுக்குக் கூட்டம். ஆசிரியர் கேட்ட கேள்விக்குப் பிள்ளை சொன்ன பதில் போய்ச் சேருவதற்குள் வகுப்பு அடுத்த கேள்விக்குச் சென்றுவிடும். வேகம் போதவில்லை என்று எண்ணிக் கூடுதல் கட்டணத்தில் பெரிய திட்டத்திற்கு மாறியும் தொல்லை தீராத குடும்பங்கள் உண்டு. பணம் கொடுத்தும் ஏன் தீரவில்லை? விடை, நாற்பது ஆண்டு வரலாற்றில் இருக்கிறது.

வேகம் வேறு, தாமதம் வேறு. ஒரு வினாடியில் எவ்வளவு தகவல் வருகிறது என்பது வேகம். ஒரு தகவல் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்பது தாமதம். இதனை மில்லி வினாடியில் கணக்கிடுவர்.

இதை அளக்கும் எளிய கருவியை 1983ஆம் ஆண்டு டிசம்பரில் உருவாக்கியவர் மைக் மூஸ். அமெரிக்க இராணுவத்தின் எறியியல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய அவர், அங்கே கட்டமைப்பு கோளாறு செய்தபோது ஒரே இரவில் அந்த நிரலை எழுதி முடித்தார். நீர்மூழ்கிகளைக் கண்டறியும் சோனார் கருவியின் ஒலியை நினைத்து அதற்குப் 'பிங்' என்று பெயரிட்டார். இன்றும் கணினிகளில் அது இருக்கிறது.

மூன்று ஆண்டுகளுக்குள் பெரிய சோதனை வந்தது. 1986 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்திற்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்திற்கும் இடையே, 400 கெஜ தூரத்தில், வினாடிக்கு 32,000 பிட்டாக இருந்த வேகம் வெறும் 40 பிட்டாகச் சரிந்தது. நெரிசலே காரணம். தரவுப் பொட்டலம் தொலைந்தால் நெரிசல் என்று உணர்ந்து, அனுப்பும் கணினி தானே வேகத்தைக் குறைக்கும் முறையை வான் ஜேக்கப்சனும் மைக் கேரல்சும் வகுத்தனர். 1988இல் அது வெளியானது. இணையம் பிழைத்தது.

பிறகு நினைவகச் சில்லுகள் மலிவாயின. ஒரு பொட்டலமும் தொலையக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் மோடத்திலும் ரௌட்டரிலும் பெரிய காத்திருப்பு இடங்களை வைத்தனர். எதுவும் தொலையாததால் அனுப்புகிற கணினிக்கு நெரிசல் தெரியவில்லை. அது அனுப்பிக்கொண்டே இருந்தது. தீபாவளிக்கு ஊர் திரும்பும் வாகனங்கள் சுங்கச் சாவடியில் நிற்பது போல் வரிசை நீண்டது. சாலை எவ்வளவு அகலமாக இருந்தாலும் சாவடியில் காத்திருந்துதானே ஆக வேண்டும்?

இதை 2010இல் தமது வீட்டிலேயே கண்டுபிடித்தார் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஜிம் கெட்டிஸ். பெரிய கோப்புகளைப் பதிவேற்றம் செய்தபோது தாமதம் ஒரு வினாடியைத் தாண்டியது. இந்தச் சிக்கல் 'பஃபர்புளோட்' என்று பெயர் பெற்றது. 2012இல் கேத்லீன் நிக்கல்சும் ஜேக்கப்சனும் 'கோடல்' என்ற முறையைக் கொண்டு வந்தனர். வரிசை எவ்வளவு நீளம் என்று பாராமல், பொட்டலம் எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்று பார்ப்பதே அதன் சிறப்பு. காத்திருப்பு 5 மில்லி வினாடிக்கு மேல் நீடித்தால், சில பொட்டலங்களைக் கைவிட்டு அனுப்புநரை எச்சரிக்கும். இதனுடன் வரிசைகளைப் பிரிக்கும் முறையும் சேர்ந்தபோது, சாவடியின் ஓரப் பாதையில் மோட்டார் சைக்கிள்கள் செல்வது போல் சிறிய தகவல்கள் விரைந்து சென்றன.

இந்த வரலாறு வீட்டுக்கும் உதவும். முதலில் கணினியைக் கம்பி வழியாக ரௌட்டருடன் இணைத்து, ரௌட்டருக்கே பிங் அனுப்ப வேண்டும். கம்பியில் சீராக இருந்து வைஃபையில் மட்டும் ஏறினால், சுவரும் தூரமும் மைக்ரோவேவ் அடுப்பும் காரணமாக இருக்கலாம். அடுத்து, வெளியிலுள்ள ஒரு முகவரிக்கு, யாரும் இணையத்தைப் பயன்படுத்தாதபோது ஒரு முறையும் பெரிய கோப்பைப் பதிவேற்றும்போது ஒரு முறையும் அளக்க வேண்டும். 20ஆக இருந்தது 500ஆக உயர்ந்தால், அது வரிசையின் வேலை. ரௌட்டரில் வரிசை மேலாண்மை வசதி இருந்தால் அதனை இயக்கி, வேக வரம்பை இணைப்பின் உண்மையான வேகத்திற்குச் சற்றுக் கீழே வைத்தால் தீரும். யாரும் பயன்படுத்தாதபோதும் கம்பியில் தாமதம் அதிகம் என்றால், அந்த எண்களோடு சேவை நிறுவனத்தை அழைக்கலாம்.

ஒன்றை மட்டும் எவராலும் மாற்ற முடியாது. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். கோலாலம்பூரிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் சுமார் 14,000 கிலோமீட்டர். போய்த் திரும்பக் குறைந்தது 140 மில்லி வினாடி. எந்தத் திட்டமும் அதைக் குறைக்காது.

நோயின் காரணம் அறிந்தே மருந்து என்பது வள்ளுவர் வகுத்த வழி. மூஸ் முதல் கெட்டிஸ் வரை அனைவரும் முதலில் செய்தது அளந்து பார்த்ததுதான். மாதக் கட்டணத்தை உயர்த்துவதற்கு முன் ஒரு குடும்பம் செய்ய வேண்டியதும் அதுவே.