தலைக்குள் போன நூற்பாலை

1789இல் இங்கிலாந்திலிருந்து நியூயார்க்குக்குக் கப்பலேறியபோது சாமுவேல் ஸ்லேட்டர் தன்னைப் பண்ணையாள் என்று சொல்லிக்கொண்டார். வயது 21. டெர்பிஷயரின் பெல்பர் ஊரில், நூற்பு இயந்திரம் உருவாக்கிய ரிச்சர்ட் ஆர்க்ரைட்டின் கூட்டாளியாக இருந்த ஜெடிடையா ஸ்ட்ரட்டிடம் நூற்பாலைத் தொழிலைக் கரைத்துக் குடித்தவர் அவர்.

உண்மையைச் சொல்லியிருந்தால் கப்பலேற முடிந்திருக்காது. கைத்தொழிலாளியை வெளிநாட்டுக்கு ஆசைகாட்டி இழுப்பவருக்கு 1719ஆம் ஆண்டுச் சட்டம் 100 பவுண்டு அபராதமும் மூன்று மாதச் சிறையும் வைத்திருந்தது. அப்படிப் போனவர், எச்சரித்த பிறகும் ஆறு மாதத்துக்குள் திரும்பாவிட்டால், வாரிசுச் சொத்து கிடையாது, அந்நியராகவே கருதப்படுவார். 1774இல் பருத்தி, லினன் ஆலைக் கருவிகளை ஏற்றுமதி செய்யத் தடை வந்தது; பிறகு வரைபடங்களும் மாதிரிகளும் அதில் சேர்ந்தன. வேடிக்கை என்னவென்றால், ஆர்க்ரைட்டின் காப்புரிமை 1785இலேயே ரத்தாகிவிட்டது. உள்ளூரில் அந்த இயந்திரத்தை யார் வேண்டுமானாலும் செய்யலாம். கடல் தாண்டினால்தான் குற்றம்.

இவ்வளவு காவல் போட்ட நாட்டின் கை சுத்தமா? பெல்பருக்குச் சில மைல் தள்ளி, டெர்பியில் 1721 வாக்கில் எழுந்த பட்டு ஆலையின் நுட்பம், ஜான் லோம்ப் இத்தாலியின் பீட்மாண்ட்டில் வேவு பார்த்துக் கொண்டுவந்தது. அவருடைய அண்ணன் தாமஸுக்கு அரசு 14 ஆண்டுக் காப்புரிமை கொடுத்தது. அது முடிந்ததும் நாடாளுமன்றம் 14,000 பவுண்டு வெகுமதியும் கொடுத்தது!

ஸ்லேட்டர் வரைபடம் எதையும் எடுத்துப் போகவில்லை. ரோட் ஐலண்டின் பாடக்கெட்டில், வணிகர் மோசஸ் பிரவுன் வாங்கிப் போட்டிருந்த இயந்திரங்கள் ஒன்றுக்கும் உதவவில்லை. ஸ்லேட்டர் நினைவிலிருந்தே புதியவற்றைக் கட்டினார். பஞ்சை வாரும் இயந்திரம் மட்டும் அவருக்குத் தண்ணி காட்டியது. 1790 டிசம்பரில் நீர்விசையில் நூல் ஓடத் தொடங்கியது. இயந்திரத்தின் முன் நின்ற முதல் ஆட்கள் சிறுவர்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அமெரிக்கர்கள் ஸ்லேட்டரைத் தங்கள் தொழில்துறையின் தந்தை என்றார்கள். பெல்பர்க்காரர்களோ துரோகி என்றார்கள்.

ஆள் போகும் தடையை பிரிட்டன் 1824இலும், இயந்திரத் தடையை 1843இலும் கைவிட்டது.

பின்னாளில் காவல்காரர் வேலை அமெரிக்காவிடம் வந்தது. 1996இல் கிளின்டன் கையெழுத்திட்ட பொருளாதார உளவுச் சட்டத்தின்படி, அந்நிய அரசுக்காக வணிக ரகசியம் திருடினால் 15 ஆண்டு வரை சிறை. வேறு லாபத்துக்காகத் திருடினால் 10 ஆண்டு வரை. உளவுப் பிரிவின்கீழ் விசாரணை நடந்து முதன்முதலில் தண்டனை பெற்றவர் ஒரு போயிங் பொறியாளர். விண்வெளி ஓடத்தின் ரகசியங்களை சீனாவுக்காக வைத்திருந்தார் என்பது வழக்கு. அவர் வீட்டில் சுமார் மூன்று லட்சம் பக்க ஆவணங்கள் சிக்கின. பல குற்றச்சாட்டுகளுக்கும் சேர்த்து 2010இல் அவருக்கு விதிக்கப்பட்ட சிறை 15 ஆண்டு 8 மாதம்.