காஞ்சியின் மகாநாடும் கோர்ட்டு வாசலும்

காஞ்சிபுரத்தில் தகராறு வந்தால் எங்கே போவது என்ற கேள்விக்கு ஒரு காலத்தில் இரண்டு பதில்கள் இருந்தன. தறிக்காரர்கள் நாட்டாண்மைக்குப் போனார்கள். கோயில்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள்.

கைக்கோளர் எனப்படும் செங்குந்த நெசவாளர் சமூகம் 72 நாடுகளாகப் பிரிந்திருந்தது. அவற்றின் தலைமையிடம் காஞ்சிபுரம், பெயர் மகாநாடு. ஊரில் தீராதது நாட்டுக்குப் போகும், அங்கும் தீராதது கடைசியில் காஞ்சிக்கு வரும். ஏறக்குறைய இன்றைய மேல்முறையீடுதான். ஆனால் நீதிபதியும் தறியில் உட்கார்ந்தவர். பாவு எது, ஊடை எது என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வக்கீல் இல்லை, ஸ்டாம்பு இல்லை. தீர்ப்பை மீறினால் சாதி விலக்கு. அதாவது ஊரில் பெண் எடுக்கவும் முடியாது, கொடுக்கவும் முடியாது. சிறை தேவைப்படவில்லை.

இதை ராமராஜ்யம் என்று புகழ்வோர் உண்டு. பெண்களுக்கு அந்தச் சபையில் இடம் ஏது? நாட்டாண்மைக்காரரோடேயே தகராறு என்றால் ஏழை நெசவாளி எங்கே முறையிடுவான்? கோர்ட்டு என்ற ஒன்று வந்ததும் பலர் அங்கே ஓடியதற்கு இதுவும் ஒரு காரணம். மகாநாட்டின் அதிகாரம் 20-ஆம் நூற்றாண்டில் தேய்ந்து போனது.

இனி கோயில். வரதராஜப் பெருமாள் கோயிலில் பிரபந்தம் சேவிக்கும் உரிமை யாருக்கு, முதலில் சொல்ல வேண்டியது தென்கலையாரின் 'ஸ்ரீசைலேச தயாபாத்திரமா', வடகலையாரின் 'ராமானுஜ தயாபாத்திரமா' என்பது வழக்கு. 1882-லேயே இது சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புகளில் இடம் பிடித்துவிட்டது. 140 ஆண்டுகள் கழித்து 2022-லும் அதே கோயில், அதே பாத்திரம், அதே நீதிமன்றம்.

மத்தியஸ்தம் ஏன் இங்கே எடுபடவில்லை? பணத் தகராறில் நூறு கேட்டவனுக்கு அறுபது கொடுத்து அனுப்பலாம். 'முதலில் சொல்வது' என்ற மரியாதையை அறுபதுக்கு நாற்பது என்று வெட்ட முடியாது. இரு கலைக்கும் பொதுவான பெரியவர் வைணவருக்குள் கிடைப்பதும் அரிது. எல்லார் நெற்றியிலும் ஏதாவது ஒரு நாமம் இருக்கிறதே!

கம்பெனி ஆட்சி பஞ்சாயத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவரப் பார்த்தது. தாமஸ் மன்றோவின் முயற்சியால் 1816-இல் சென்னை மாகாணத்தில் கிராமப் பஞ்சாயத்துக்கும் ஜில்லா பஞ்சாயத்துக்கும் ஒழுங்குவிதிகள் வந்தன. மக்கள் எதிர்பார்த்த அளவு நாடவில்லை. பஞ்சாயத்தின் பலம் ஊர்க்கட்டில் இருந்தது, அரசாங்கக் காகிதத்தில் அல்ல.

'மத்தியஸ்தன்' என்ற சொல்லுக்கும் இந்தப் பக்கத்தில் நல்ல வயது. காஞ்சிக்கு அருகே உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டில் (கி.பி. 921), குடவோலையை ஐந்து விரலும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்கிப் படிப்பவர் அவரே. ஓலையை ஒளிக்கவோ மாற்றவோ முடியாதபடி அந்த ஏற்பாடு!

இன்றைய சட்டம் 1996-ஆம் ஆண்டின் மத்தியஸ்தச் சட்டம். மத்தியஸ்தரின் முடிவு கோர்ட்டு டிக்ரிபோலவே நிறைவேற்றப்படும்; அதை ரத்து செய்யும் காரணங்கள் மிகக் குறைவு. இரு தரப்புக்கு இடையே மட்டும் செல்லும் உரிமைகளே பொதுவாக மத்தியஸ்தத்துக்கு உரியவை, உலகத்துக்கே எதிராகச் செல்லும் உரிமைகள் கோர்ட்டுக்கு உரியவை என்று 2011-இல் பூஸ் ஆலன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கோடு போட்டது. பட்டு முதலாளிக்கும் நெசவாளிக்கும் இடையிலான கூலி பாக்கி முதல் வகை. மகாநாடு தீர்த்ததும் பெரும்பாலும் இந்த வகையைத்தான் என்று ஊகிக்கலாம்.

ஆனால் இந்தச் சட்டம் எழுத்து மூலமான ஒப்பந்தம் கேட்கிறது, மத்தியஸ்தருக்குக் கட்டணமும் கேட்கிறது. முன்பணத்தை வாய்வார்த்தையில் வாங்கிப் பாவு ஏற்றுகிறவரிடம் இரண்டும் இருக்காது. அவருக்கு 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி நடக்கும் லோக் அதாலத் உண்டு. கோர்ட்டுக் கட்டணம் இல்லை, தீர்வு டிக்ரிக்குச் சமம், அப்பீலும் கிடையாது. ஒரே நிபந்தனை, முதலாளியும் சமரசத்துக்கு ஒப்ப வேண்டும். அவர் மறுத்தால் மீதி முன்சீப் கோர்ட்டுதான்.